தனியாகவா, கூட்டாகவா? கொழும்புப் பங்குச் சந்தையில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

2010 ஆம் ஆண்டின் இறுதியில் நான் முதன்முதலாகப் பங்கு வாங்கியது வீட்டில் இருந்தபடி அல்ல. கோட்டையில் ஒரு தரகர் நிறுவனத்தின் மண்டபத்தில், சுவர்த்திரைக்கு முன்னால் வரிசையாகப் போடப்பட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில், பிளேன்ரீயும் கையுமாக இருந்துதான் வாங்கினேன். என் இடப்பக்கத்தில் செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருந்தவர் ஒருவரும், வலப்பக்கத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் இருப்பார்கள். திரையில் ஒரு பெயர் பச்சையாக மாறினால் மூன்று வரிசையும் ஒன்றாக நிமிரும். இன்று அந்த நாற்காலிகள் பெரும்பாலும் கைபேசிக்குள் போய்விட்டன. பங்குச் சந்தையின் கைபேசிச் செயலி 2020 இல் வந்த பிறகு, வெள்ளவத்தையில் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே கணக்கைத் திறந்துவிடலாம் என்றாகிவிட்டது.

இதனால் புதியவருக்கு ஒரு விசித்திரமான நிலைமை உண்டாகியிருக்கிறது. தனியாக வியாபாரம் செய்வதென்று அவர் தீர்மானிப்பதில்லை. கைபேசி அவரைத் தனியாக ஆக்கிவிடுகிறது. பிறகு கூட்டமொன்றில் சேர்வதென்றும் அவர் தீர்மானிப்பதில்லை. யாரோ ஒருவர் அவரை ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறார். எதைத் தனியாகச் செய்வது, எதை மற்றவர்களோடு சேர்ந்து செய்வது என்பதை நாமாகத் தெரிந்தெடுப்பதற்கான வழிமுறையே இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குவதும் விற்பதும் ஒருவர் தனித்து எடுக்க வேண்டிய முடிவுகள். அதற்கு முன்னுள்ள வாசிப்பும் அதற்குப் பின்னுள்ள கணக்குப் பார்ப்பும் நாலு பேர் சேர்ந்து செய்தால்தான் உருப்படும். பெரும்பாலான குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: கூட்டாக வாங்குகின்றன, நட்டத்தைத் தனித்தனியே மறைக்கின்றன.

முதற்படி: கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கையில்

பங்கு வாங்குவதற்கு, உரிமம் பெற்ற ஒரு தரகர் நிறுவனத்தின் ஊடாக, வாங்கிய பங்குகளை உங்கள் பெயரில் பதிந்து வைத்திருக்கும், எல்லோரும் சிடிஎஸ் என்று சொல்லும் மத்திய வைப்பகத்தில் ஒரு கணக்குத் திறக்க வேண்டும். தேசிய அடையாள அட்டையும் வங்கிக் கணக்கு விபரமும் இருந்தால் வேலை பெரிதில்லை. விண்ணப்பத்தில் கொடுக்கும் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சல் முகவரியும் உங்களுடையவைதானா என்பதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். இதைச் சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம். சிடிஎஸ் அனுப்பும் அறிவித்தல்களும் கணக்கறிக்கைகளும் அந்த இலக்கத்துக்கும் முகவரிக்குமே வருகின்றன. "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கையொப்பம் மட்டும் வையுங்கோ" என்று சொல்லும் மச்சானின் இலக்கம் அங்கே இருந்தால், உங்கள் பெயரில் என்ன வாங்கப்பட்டது, என்ன விற்கப்பட்டது என்பது மச்சானுக்கு மட்டுமே தெரியும்.

ஆங்கிலத்தில் வரும் ஆவணங்களுக்குப் பயந்து கணக்கை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் பழக்கம் நம்மவர்களிடையே அதிகம். தமிழில் பேசக்கூடிய முதலீட்டு ஆலோசகர் ஒருவரைத் தரகர் நிறுவனத்திடம் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை என்றே எண்ணிக் கேளுங்கள். பணத்தைத் தரகர் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். எந்தத் தனிநபரின் கணக்குக்கும் அனுப்ப வேண்டாம். இணைய வழி வியாபாரத்துக்கான கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்க வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்து முதலிட விரும்பினால் கூட்டுக் கணக்குத் திறக்க வழியுண்டு. அதைக் குடும்பத்துக்கு வெளியே கொண்டு போக வேண்டாம்.

இரண்டாம் படி: முதல் மூன்று மாதங்கள், ஆள் அரவமில்லாமல்

தொடங்கியவுடனே குழு தேட வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். சந்தையின் வழமையான வியாபாரம் காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை நடக்கிறது. அதற்கு முன் அரை மணி நேரம் வாங்கும், விற்கும் கட்டளைகளை இட்டு வைக்கலாம். முதல் மூன்று மாதங்கள், இழந்தாலும் வீட்டுச் செலவு தடைப்படாத ஒரு சிறு தொகையை வைத்துக்கொண்டு, அந்தத் திரையை நீங்களே பாருங்கள். ஒரேயொரு பங்கைக்கூட வாங்க முடியும் என்பதால் பழகுவதற்குப் பெரிய முதல் தேவையில்லை.

இந்தக் காலத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று செலவு. பத்துக் கோடி ரூபா வரையிலான கொடுக்கல் வாங்கல்களில் வாங்கும்போது 1.12 சதவீதமும் விற்கும்போது 1.12 சதவீதமும் கழிகின்றன. அதில் 0.64 தரகர் கூலி, 0.30 அரசுக்குப் போகும் தீர்வை, எஞ்சிய 0.18 பங்குச் சந்தைக்கும் சிடிஎஸ்ஸுக்கும், சந்தையை மேற்பார்வை செய்யும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழுவுக்கும் பிரிகிறது. நூறு ரூபாப் பங்கு ஆயிரத்தை வாங்கினால் கையிலிருந்து போவது 1,01,120 ரூபா. அந்தப் பணம் அப்படியே திரும்பி வருவதற்குப் பங்கு 102 ரூபா 30 சதத்துக்கு விலைப்பட வேண்டும். ஒரு இலட்சத்தை வைத்துக்கொண்டு வருடத்தில் இருபது தடவை வாங்கி விற்பவர், விலை அசையாமல் நின்றாலும் ஏறத்தாழ 45,000 ரூபாவைக் கூலியாகவும் தீர்வையாகவும் கட்டிவிடுவார். அடிக்கடி வாங்கி விற்கத் தூண்டும் குழு ஒன்றில் இருப்பதன் விலை இதுதான். அதனால்தான் குழுவுக்குப் போவதற்கு முன்பே இந்தக் கணக்கு உங்களுக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும் என்கிறேன்.

மற்றது, எந்த விலைக்கு எத்தனை பங்குகளை வாங்கவும் விற்கவும் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் கட்டளைப் பட்டியலை வாசிப்பது. கொழும்பில் நாளாந்தம் நன்றாகக் கைமாறும் பங்குகள் குறைவு. பெரும்பாலானவை மெல்லிய பங்குகள். மெல்லிய பங்கு ஒன்றின் பட்டியலை இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். விற்பதற்கு 14.30 இல் 3,000 பங்குகள், 14.50 இல் 2,000, 14.90 இல் 5,000, 15.40 இல் 10,000 உள்ளன. வாங்குவதற்கோ 14.20 இல் 1,500, 13.80 இல் 4,000, 13.50 இல் 6,000 மட்டுமே உள்ளன. திரையின் மேற்பக்கத்தில் "14.30" என்று தெரிவதைப் பார்த்துவிட்டு, விலை குறிப்பிடாமல் 20,000 பங்குகளுக்குக் கட்டளை இட்டால், நான்கு படிகளையும் துடைத்தெடுத்துச் சராசரி 15 ரூபா 2 சதத்துக்கு வாங்கியிருப்பீர்கள். செலவையும் சேர்த்தால் 15.40 க்கு விற்றால்தான் முதல் திரும்பும். அதே நிமிடத்தில் மனம் மாறி விற்க நினைத்தாலோ, 13.50 வரை இறங்கியும் 11,500 பங்குகளுக்குத்தான் ஆள் இருக்கிறது. ஆகவே எப்போதும் விலை வரம்பைக் குறிப்பிட்டே கட்டளை இடுங்கள். இந்தப் பட்டியலை மனதில் வைத்திருங்கள். கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் இங்கே வருவேன்.

மூன்றாம் படி: கொப்பி

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். கணனியில் எழுதுவதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் கணனியில் எழுதியதைப் பிறகு திருத்தலாம். ஒவ்வொரு பங்கையும் வாங்குவதற்கு முன்னர், நாளையும் விலையையும் எழுதி, அதன் கீழ் மூன்று வசனங்கள் எழுதுங்கள்: ஏன் வாங்குகிறேன், என்ன நடந்தால் விற்பேன், இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது. மூன்றாவது வசனமே முக்கியமானது. "ஒருவர் சொன்னார்" என்றால் அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

என் பழைய கொப்பியில் 2011 பெப்ரவரிப் பக்கம் இன்னும் இருக்கிறது. போர் முடிந்த பின் ஏறத் தொடங்கிய அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அந்த மாதம் 7,800 புள்ளிகளைத் தொட்டிருந்தது. மண்டபத்தில் எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி, "தம்பி, இண்டைக்கே எடுத்து வையும், நாளைக்கு இந்த விலைக்குக் கிடைக்காது" என்றார். எடுத்து வைத்தேன். விலை 41 ரூபா. காரணம் எழுத வேண்டிய இடத்தில் "ஐயா சொன்னவர்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருக்கின்றன. 2012 நடுப்பகுதியில் சுட்டெண் 5,000 க்குக் கீழே போயிருந்தபோது அதே பங்கை 13 ரூபா 50 சதத்துக்கு விற்றேன். சொன்ன ஐயா எப்போது விற்றார் என்பது எனக்குத் தெரியாது. நான் வாங்கிய அன்றைக்கு விற்றவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம் என்ற எண்ணம் பல வருடங்களுக்குப் பிறகுதான், கட்டளைப் பட்டியலை வாசிக்கப் பழகிய பிறகுதான், எனக்கு வந்தது.

தனிமை என்ன செய்யும்

அந்த அனுபவத்துக்குப் பிறகு மண்டபத்துக்குப் போவதை நிறுத்தினேன். எட்டு வருடங்கள் தனியாகவே வாங்கி விற்றேன். குழுக்களைப் பழிக்கும் பலர் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவார்கள். தனியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல. என் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கோடு சந்தை மூடப்பட்டது. மே 11 ஆம் திகதி திறந்தபோது எல்லோரும் விற்க ஓடினார்கள். சுட்டெண் 5,000 க்கும் கீழே கிடந்தது. கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குள் அடைபட்டு, ஏழு வாரங்களாகச் செய்தி மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான், இரண்டு நாட்களில் கையிலிருந்த எல்லாவற்றையும் விற்றேன். கொப்பியில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த "விற்பதற்கான காரணம்" ஒன்றுகூட நடந்திருக்கவில்லை. கொப்பியைத் திறந்து பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000 ஐத் தாண்டியபோது, நான் விற்றவற்றின் விலைகளைப் பார்க்காமலிருப்பதற்குப் பெரிய பிரயத்தனம் எடுக்க வேண்டியிருந்தது.

தனியாக இருப்பவருக்குத் தவறான தகவல் சொல்ல ஆள் இல்லை என்பது சரிதான். ஆனால் "கொப்பியில் என்ன எழுதியிருக்கிறாய்?" என்று கேட்கவும் ஆள் இல்லை. தன் கணக்கைத் தானே பார்க்கும் மனிதர், நட்டத்தை "நீண்டகால முதலீடு" என்று பெயர் மாற்றி வைத்துவிடுவார். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புறக்கோட்டையில் எந்தக் கடையிலும் கல்லாவில் இருப்பவரே கணக்கையும் மூடுவதில்லை. மாலையில் வேறொருவர் எண்ணிப் பார்ப்பார்.

நான்காம் படி: சேரக்கூடிய இடத்தைச் சோதிப்பது

மூன்று மாதமும் ஒரு கொப்பியும் முடிந்த பிறகு ஆட்களைத் தேடலாம். அழைப்பு எங்கிருந்தும் வரலாம். அலுவலக நண்பர், கோயிலில் சந்தித்தவர், பழைய பாடசாலைத் தோழர். எந்தக் குழுவையும் இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் பாருங்கள். பார்க்க வேண்டியது அவர்கள் என்ன வாங்கச் சொல்கிறார்கள் என்பதை அல்ல, அவர்கள் எந்த நேரத்தில் பேசுகிறார்கள் என்பதை. ஒன்பதரை மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பெயர்கள் பறந்து, மாலையில் அமைதியாகிவிடும் குழு, உங்களை வாங்குபவராகப் பாவிக்கும் குழு.

இப்போது மேலே சொன்ன பட்டியலுக்கு வாருங்கள். ஒருவர் அந்த மெல்லிய பங்கை 12 ரூபாவுக்குச் சத்தமில்லாமல் சேர்த்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். விற்க வேண்டுமென்றால் அவருக்கு 14.20 இல் 1,500 பங்குகளுக்குத்தான் ஆள் இருக்கிறது. இருநூறு பேருள்ள குழுவில் "நாளைக்குப் பெரிய செய்தி" என்று எழுதுகிறார். முப்பது பேர் ஆளுக்கு ஆயிரம் பங்குகள் கேட்டாலே 15.40 வரையுள்ள எல்லாம் தீர்ந்து, அதற்கு மேலும் ஆள் நிற்கும். அந்த 15.40 இல் விற்பதற்குப் போட்டிருந்த 10,000 யாருடையவை என்று நினைக்கிறீர்கள்? இதில் சொன்னவர் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. விலை நிச்சயமாக ஏறியிருக்கிறது, ஏற்றியது குழுதான். ஆயிரம் பங்கு வைத்திருக்கும் உங்களுக்கு அது இலாபம் போலத் தெரியும், விற்கப் போகும் வரை.

இது கற்பனைக் கதையும் அல்ல. 2010 முதல் 2012 வரையான காலத்தில் விலைகளை ஏற்றிவிட்டுக் கைகழுவும் வியாபாரம் பற்றி நாடு முழுவதும் பேசப்பட்டது. இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர், ஒருவர் 2011 டிசெம்பரிலும் அடுத்தவர் 2012 ஓகஸ்டிலும், பதவி விலகியதும் அந்தக் காலத்தில்தான்.

மூன்று விடயங்களைக் கண்டால் உடனே வெளியேறுங்கள். பணத்தைச் சேர்த்துத் தாருங்கள், மாதம் இத்தனை வீதம் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது சீட்டுப் போன்றதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். சீட்டில் யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், இதில் தெரியாது. பிறருடைய பணத்தை முதலிட்டுத் தருவதற்கு ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். புதிய ஆட்களைச் சேர்த்தால் உங்களுக்குப் பங்கு என்றால், வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்யும் பிரமிட் திட்டத்தின் வாசலில் நிற்கிறீர்கள். மத்திய வங்கி இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. பங்குகளைப் பற்றித் தொடங்கிய பேச்சு மூன்றாம் வாரத்தில் டெலிகிராமில் கிரிப்டோவுக்கு மாறினால், பாடம் நடத்தியவர் பாடத்துக்காக வரவில்லை.

ஐந்தாம் படி: நாலு பேர், ஒரு மேசை

நல்ல குழு ஒன்றை நீங்கள் கண்டுபிடிக்கப் போவதில்லை, உண்டாக்கத்தான் வேண்டும். மூவர் அல்லது நால்வர் போதும். ஆறு பேருக்கு மேல் போனால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். அது மீண்டும் மண்டபம்தான்.

நாங்கள் நால்வர். ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை செய்யும் அக்கா ஒருவர், தேயிலைத் தரகு நிறுவனமொன்றில் சுவை பார்க்கும் தம்பி ஒருவர், புறக்கோட்டையில் கட்டடப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர், இறக்குமதிக் கடையொன்றில் கணக்கெழுதும் நான். பௌர்ணமி விடுமுறையான போயா நாள்தோறும் அண்ணனின் வீட்டில் கூடுகிறோம். போயா அன்று சந்தை மூடியிருக்கும். யாருக்கும் கட்டளை இடக் கை அரிக்காது. வாரநாளில் கூடியிருந்தால் பாதிப் பேச்சு கைபேசியோடுதான் போயிருக்கும்.

கூட்டம் இரண்டு பகுதியாக நடக்கிறது. முதற்பகுதி வாசிப்பு. பட்டியலிடப்பட்ட கம்பனிகள் முதல் மூன்று காலாண்டுகளில் ஒவ்வொன்றும் முடிந்து 45 நாட்களுக்குள்ளும், நான்காம் காலாண்டு முடிந்து இரண்டு மாதங்களுக்குள்ளும் தம் இடைக்கால நிதியறிக்கைகளை வெளியிட வேண்டும். அவை பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் எவருக்கும் கிடைக்கும். ஒருவரால் எல்லாவற்றையும் வாசிக்க முடியாது. வங்கிகளின் அறிக்கைகளை அக்கா வாசிப்பார். அறவிடமுடியாக் கடனுக்கான ஒதுக்கீடு எந்த வரியில் ஒளிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தோட்டக் கம்பனிகளைத் தம்பி பார்ப்பார். 1883 முதல் கொழும்பில் நடந்து வரும் தேயிலை ஏலத்தில் எந்த உயரத்துத் தேயிலை என்ன விலைக்குப் போகிறது என்பதை வாரம்தோறும் கண்ணால் காண்பவர் அவர். சீமெந்து, ஓடு விற்பனை எப்படி என்பதை அண்ணன் தன் கடை வாசலில் வந்து நிற்கும் லொறிகளை வைத்தே சொல்லிவிடுவார். மற்றவர்களோடு சேர்ந்து செய்வதன் முழுப் பெறுமதியும் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒரே தொழில் செய்யும் நால்வர் கூடினால் ஒரே தவறை நான்கு தடவை செய்வார்கள். ஆகையால் உங்களைப் போன்றவரைத் தேடாமல், உங்களுக்குத் தெரியாததைத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

இரண்டாம் பகுதியில் கொப்பிகளை மாற்றிக்கொள்கிறோம். என் கொப்பியை அக்கா வாசிப்பார், அக்காவினுடையதைத் தம்பி வாசிப்பார். ஒரேயொரு விதி: நடந்து முடிந்த கொடுக்கல் வாங்கல்கள் மட்டும். இனி என்ன வாங்கப் போகிறேன் என்பதை யாரும் சொல்லக்கூடாது, கேட்கவும் கூடாது. இந்த விதியை நாங்கள் எழுதியது ஒரு சங்கடத்துக்குப் பிறகு. ஆரம்பத்தில் அண்ணன் தான் வாங்க நினைத்த பங்கைச் சொன்னார். நாங்கள் மூவரும் மறுநாள் காலை அதற்குக் கட்டளை போட்டோம். பங்கு மெல்லியது, விலை ஏறிவிட்டது. சொன்ன அண்ணனுக்கே கிடைக்கவில்லை. அவர் கோபிக்கவில்லை, ஆனால் அடுத்த போயாவுக்கு வடை வரவில்லை.

கொப்பி வாசிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி இலாபமா நட்டமா என்பது அல்ல. எழுதிய காரணத்துக்கும் செய்த செயலுக்கும் பொருத்தம் உண்டா என்பதையே கேட்க வேண்டும். காரணமில்லாமல் வாங்கி இலாபம் வந்தால் எங்கள் மேசையில் அதுவும் குற்றம்தான். வயதில் மூத்தவரிடம் இப்படிக் கேட்பதற்கு நம்மவர்களுக்கு வாய் வராது. ஆகவே கேள்வியை ஆள் கேட்காமல் கொப்பி கேட்பதாக வைத்துக்கொண்டோம். "அண்ணன், பதினேழாம் பக்கத்தில் விற்கும் விலை எழுதப்படவில்லை" என்று சொன்னால் போதும், யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

ஆணைக்குழுவின் தற்போதைய சட்டம் 2021 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். நண்பர்கள் கூடும் மேசையில் தெரியாமலே மீறக்கூடியவை இரண்டு உண்டு. கம்பனி ஒன்றின் உள்ளே இருக்கும் ஒருவர், இன்னும் வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவலைச் சொன்னால், அதை வைத்து வாங்குவது குற்றம். அதைச் சொன்னவரும் தப்ப முடியாது. எங்கள் அக்கா தன் வங்கியின் பங்கைப் பற்றி எங்கள் மேசையில் வாயே திறப்பதில்லை. நாங்களும் அதைக் கேட்பதில்லை. மற்றது, "நீ இந்த விலைக்கு விற்பனைக்குப் போடு, நான் எடுக்கிறேன்" என்று முன்கூட்டியே பேசி, சந்தையில் வியாபாரம் சூடாக நடப்பது போலக் காட்டுவது. விளையாட்டாகச் செய்தாலும் அது விலையைத் திரிப்பதாகவே கொள்ளப்படும்.

ஆறாம் படி: விழும் நாட்களுக்கான ஒழுங்கு

இதை அமைதியான காலத்திலேயே பேசி வையுங்கள். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. சில நாட்களில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு இடைநிறுத்தப்பட்டது. ஏப்ரல் 18 முதல் 22 வரை பங்குச் சந்தை மூடப்பட்டது. 25 ஆம் திகதி திறந்தவுடனேயே விலைகள் சரிந்து வியாபாரம் நிறுத்தப்பட்டது. எங்கள் மேசை தொடங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த வாரம் நாங்கள் தொலைபேசியில் பேசுவதில்லை என்று முடிவெடுத்தோம், ஏனெனில் பயம் தொலைபேசியில் வேகமாகப் பரவும். பதிலாக ஒவ்வொருவரும் தன் கொப்பியின் நிழற்படத்தை மற்றவருக்கு அனுப்பினோம். என் பக்கத்தில் "வட்டி வீதம் 12 ஐத் தாண்டினால் விற்பேன்" என்று எழுதியிருந்த ஒரு பங்கு இருந்தது. தம்பி அந்த வரியின் கீழ்க் கோடிட்டுத் திருப்பி அனுப்பினார், வேறெதுவும் எழுதவில்லை. விற்றேன், நட்டத்தோடுதான். வந்த பணத்தை, அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க வெளியிடும் திறைசேரி உண்டியலில் இட்டேன். வங்கியில் இருக்கும் அக்கா நினைவூட்டியிராவிட்டால், பங்கைத் தவிர வேறொன்று உலகத்தில் உண்டு என்பதே எனக்குத் தோன்றியிருக்காது. பங்கு பற்றி மட்டும் பேசும் குழுவின் பெரிய குருட்டுத்தனம் அது.

பங்குகளையே பிணையாக வைத்துப் பெறும் மார்ஜின் கடனில் வாங்குபவர் மேசையில் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விலை இறங்கும்போது கடன் தந்தவர் மேலதிகப் பணம் கேட்பார். கட்டாவிட்டால் உங்கள் சம்மதம் கேளாமலே பங்குகளை விற்றுவிடுவார். இதைத்தான் போர்ஸ் செல்லிங் என்கிறார்கள். சொந்தப் பணத்தில் வாங்கியவர் "பொறுத்திரு" என்று சொல்வது நல்லெண்ணத்தில்தான். ஆனால் கடனில் வாங்கியவரால் பொறுத்திருக்க முடியாது, அந்த ஆலோசனை அவரைக் கெடுத்துவிடும். புதியவர்கள் முதல் இரண்டு வருடங்கள் மார்ஜின் பக்கம் போகவே வேண்டாம்.

பணத்தை மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள். எங்கள் நால்வருக்கும் நான்கு சிடிஎஸ் கணக்கு, மூன்று வெவ்வேறு தரகர்கள். ஒருவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் நட்பின் பெயரில் கடன் கொடுக்கலாம், அது வேறு. பங்கை விற்றால் பணம் கைக்கு வருவதற்கு இரண்டு வியாபார நாட்கள் ஆகும் என்பதால், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருக்கும் பணம் சந்தையில் இருக்கவே கூடாது என்பதை எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

புதிதாக ஒருவர் எங்கள் மேசைக்கு வர விரும்பினால், முதற்போயாவுக்கு மூன்றைக் கொண்டுவரச் சொல்கிறோம்: தன் கொப்பி, கடைசியாக வந்த சிடிஎஸ் கணக்கறிக்கை, நட்டத்தில் முடிந்த ஒரு வியாபாரத்தின் முழு விபரம். நட்டமே வரவில்லை என்று சொல்பவரிடம் இன்னும் ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறோம். இலாபத்தில் முடிந்த கதைகளை இரண்டாம் போயாவுக்கு வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு வடை கொண்டுவருவது அவர் பொறுப்பு.